பச்சை போகவில்லை

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஹுமைத் நானாவின் பிரிண்டர் திருத்தும் கடை. மரப்படிகள் பதினேழு. ஏறி வருகிறவனுக்கு மூச்சு வாங்குகிறதா இல்லையா என்பதை வைத்தே ஆள் டவுண்காரனா தேயிலைத் தோட்டத்தவனா என்று நானா உள்ளே இருந்தபடி சொல்லிவிடுவார். தோட்டத்து ஆளுக்கு மூச்சு வாங்காது.

யார் வந்தாலும் அவர் மெஷினைப் பார்க்கமாட்டார். "மெஷின் கிடக்கட்டும், கெட்டுப்போன கடதாசியக் காட்டுங்கோ" என்பார். கடதாசி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பது அவருடைய கட்சி. குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் மை வருகிற துவாரம் அடைத்திருக்கிறது. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எழுத்து நின்றால் மை தெளிக்கும் ஹெட் இடம் தப்பியிருக்கிறது. மை ஊறிப் பரவினால் கடதாசி ஈரம் குடித்திருக்கிறது. பதுளைப் பனிக்கு கடதாசி என்ன, மனுசனே ஈரம் குடிக்கிறான். அதற்காகவே நானா போட்டோக் கடதாசியை பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வைத்திருந்தார். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டில் ஊவா மாகாணம் முழுக்க இன்க்ஜெட் பிரிண்டர் பரவியிருந்தது. ஸ்கூலில், தோட்டத்து ஆபிசில், போன் பேசுகிற கொமியூனிகேஷன் கடைகளில் எது நின்றாலும் ஹுமைத் நானாதான்.

பெரிய பேர்தான். ஆனால் பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ன ஆள் இல்லை. மனைவி காமிலா மௌத்தாகி ஆறு வருடம். ஒரே மகள் நஸ்மியாவை அக்குறணையில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கடைக்குப் பின்னால் பலகை அடித்த சின்ன அறையில்தான் படுக்கை. பகலில் ஒரு சோற்றுப் பார்சல், அதில் மிஞ்சியது இரவுக்கு. சில நாட்களில் அவர் வாய் திறப்பது மெஷின்களிடம் மட்டும்தான். "என்னடா, சளி புடிச்சிட்டா ஒனக்கு?" என்று பிரிண்டரைக் கேட்பார். அது கடகடவென்று ஏதோ பதில் சொல்லும். யாராவது கேட்டால் தனியாக இருக்கிறேன் என்று சொல்லமாட்டார். வேலை அதிகம் என்பார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கவில்லை. வெள்ளைச் சட்டை, கையில் குடை, அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஸ்பிரிங்வெளி தோட்டம், பெயர் சங்கிலி என்றார். பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேல் துண்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு படத்தை மேசையில் வைத்தார்.

"இதுல இருக்குற பொம்பளைய மட்டும் பெருசா போடணும் நானா. என் சம்சாரம் அங்கம்மா. செத்துப் பன்னெண்டு நாளாச்சு. வெள்ளிக்கெழம கருமாதி."

அஞ்சலட்டை அளவான படம். எண்பத்தெட்டில் தீபாவளிக்கு பதுளைக்கு சினிமா பார்க்க வந்த அன்று புருசனும் பெண்சாதியுமாக ஸ்டுடியோவில் எடுத்தது. வேறு படம் கிடையாது.

"வெள்ளிக்குத்தானே. இன்டைக்கே தாறன், இருங்கோ."

"நல்லா வரணும் நானா" என்றார் சங்கிலி. "மூஞ்சி மறந்துக்கிட்டு வருது."

"பன்னெண்டு நாளையிலயா?"

"ஆமாங்க. கண்ண மூடுனா அவ வரமாட்டேங்குறா. இந்தப் படம்தான் வருது. படத்த எடுத்து எடுத்துப் பார்த்துதான் இப்படி ஆகுதோ என்னமோ. கருமாதி முடிஞ்சா மகன் கொழும்புக்குப் போயிருவான். அப்புறம் லயத்துக் காம்புராவுல, அந்த ஒத்த அறையில, நானும் செவுத்துல படமும்தான். செவுத்துல வேற யாரோ இருந்தா நான் என்ன செய்வேன்?"

படம் சின்னது, முகம் தெளிவாகத் தெரியவில்லை, அதைத்தான் மனுசன் சொல்கிறார் என்று நானா எடுத்துக்கொண்டார். படத்தை ஸ்கேன் செய்து, அங்கம்மாவை மட்டும் பிரித்தெடுத்து, டின்னைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்துப் போட்டார். அச்சு முடிய ஏழு நிமிடம். சங்கிலி அத்தனை நேரமும் நின்றுகொண்டே பார்த்தார். கடதாசி வெளியே வந்ததும் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார்.

"பச்சையா இருக்கு நானா."

நானா வாங்கிப் பார்த்தார். பச்சை எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் தொழில்காரன் மூளை அப்படியே விடுமா? முகம் பச்சையடித்தால் மெஜண்டா என்கிற சிவப்பு மை சரியாக வரவில்லை என்று அர்த்தம். மெஷினைச் சோதிக்கும் தாளை அடித்துப் பார்த்தார். நாலு நிறத்திலும் படி படியாக மெல்லிய கோடுகள் வரும் தாள் அது. ஒரு கோடு அறுந்திருந்தாலும் அந்த இடத்தில் துவாரம் அடைத்திருக்கிறது. பார்த்தால், அட, மெஜண்டாவில் ஒரே ஒரு கோடு மயிரிழை அளவுக்கு அறுந்திருந்தது!

"பெரியவரே, ஒங்கட கண் கண்தான்!" என்று நானா சத்தமாகச் சொன்னார். இருபது வருடமாக மெஷினோடு கிடக்கிற தனக்கே தெரியாதது இந்தக் கிழவருக்குத் தெரிந்துவிட்டதே என்று கொஞ்சம் ரோசமும் வந்தது. "நாளைக்கு வாங்கோ. சுத்தம் செஞ்சு வெக்கிறன்."

அன்று மாலை முழுக்க அதே வேலை. மைக் காட்ரிஜைக் கழற்றி, வெந்நீரில் நனைத்த துணியில் அதன் வாயை வைத்து, சிவப்பு ஊறி வரும்வரை காத்திருந்து, துடைத்து மாட்டினார். சோதனைத் தாளில் கோடுகள் அத்தனையும் முழுசாக வந்தன. "இப்ப என்ன சொல்லுற?" என்று மெஷினைக் கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

செவ்வாய்க்கிழமை புதுசாக அடித்த படத்தை சங்கிலி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க நானா. பச்சை போகல."

நானா கோவித்துக்கொள்ளவில்லை, அன்றைக்கு. புது காட்ரிஜைப் பிரித்து மாட்டினார். சரிவரவில்லை. கடதாசியை மாற்றினார். சரிவரவில்லை. கம்ப்யூட்டரில் கடதாசி வகை தப்பாக இருக்குமோ என்று அதையும் பார்த்தார், சரியாகவே இருந்தது. ஒவ்வொன்றாக ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தது. "பச்சை நானா." "இதுவும் பச்சைதாங்க." "கொஞ்சம் கூட எறங்கல நானா." கடைசி ஸ்பிரிங்வெளி பஸ் ஹோர்ன் அடித்தபோது சங்கிலி குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். எழும்பி நின்று, ஒரு குற்றவாளி மாதிரி, "நாளைக்கும் வரலாமா?" என்று கேட்டார்.

"வாங்கோ" என்றார் நானா. சுருக்கமாகத்தான் சொன்னார். ஆனால் கிழவர் படியிறங்கிப் போன பிறகு, நாளைக்கு ஒருவர் வருவார் என்ற நினைப்பு அவருக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்து அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

புதன்கிழமை காலையில் நானாவுக்கு எல்லாப் பொறுமையும் போய்விட்டது.

"பெரியவரே, ஒங்களுக்குக் கண்ணில ஏதும் இரிக்கா? ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?"

சங்கிலிக்கும் சுருக்கென்றது. "என் கண்ணையா சொல்றீங்க? நாப்பது வருஷம் பெக்டரியில இந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம் குடுத்தாங்க!"

அவர் வேலை பார்த்தது ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில். அரைத்த கொழுந்தைப் பரப்பி, நிறம் மாறும்வரை வைத்திருக்கும் அறை. கொழுந்து எந்த நிமிடத்தில் பதத்துக்கு வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முந்தி எடுத்தாலும் தூள் பாழ், பிந்தி எடுத்தாலும் பாழ். டீமேக்கர் ஐயா மணிக்கூட்டைப் பார்ப்பாராம், அப்புறம் சங்கிலியின் முகத்தைப் பார்ப்பாராம். சங்கிலி தலையாட்டினால்தான் அள்ளுவார்கள்.

நானா விடவில்லை. காட்ரிஜில் ஊற்றுகிற நாலு மைப் போத்தலையும் வரிசையில் வைத்து, "இது என்ன நெறம்? இது?" என்று நர்சரிப் பிள்ளையைக் கேட்கிறமாதிரி கேட்டார். சங்கிலி ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை. மஞ்சள் போத்தலைத் தூக்கி, "இது பழசு நானா, அடியில மண்டியிருக்கு" என்றுகூடச் சொன்னார். உண்மைதான், பழசுதான். நானா ஜன்னல் வழியாகக் கீழே தேத்தண்ணிக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு பிளேன்டீ வரவழைத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சங்கிலி குடிக்கவில்லை. பழக்கதோசம், கிளாசை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது பச்சை."

நானாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எது?"

"இந்த டீத்தூளு. பச்சையா இருக்கப்பவே அள்ளிட்டானுக. இன்னும் இருவது நிமிசம் போட்டிருக்கணும்."

நானா தன் கிளாசைப் பார்த்தார். வெளிர்ச் சிவப்பாக ஒரு பிளேன்டீ. அதில் பச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை.

"பெரியவரே, இதையா பச்சை எண்டு சொல்றீங்க? இது சிவப்பில்லையா?"

"சிவப்புத்தான். ஆனா பச்சை. பதம் வரல. நெறம் எறங்கல. வெளுத்துக் கெடக்குல்ல?"

"அப்ப படத்தையும்…"

"அதத்தானே நானா மூணு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்! பச்சையா இருக்கு, வெளுத்துக் கெடக்கு. அங்கம்மா இந்த நெறமே இல்ல!"

யா அல்லாஹ்! மூன்று நாள், ஒரு புதுக் காட்ரிஜ், பதினோரு போட்டோக் கடதாசி, அத்தனையும் ஒரு சொல்லுக்குப் பலி. நானா முதலில் தலையில் கைவைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த அறையில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம். என்ன நடந்தது என்று புரியாமலே சங்கிலியும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் நானா பழைய படத்தைக் கையில் எடுத்தார். மெஷினைப் பார்க்காதே, கடதாசியைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் இந்தக் கடதாசியை மட்டும் பார்க்கவேயில்லை. விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது. முகத்தில் மட்டும் மெல்லிதாகத் தூரிகை ஓடியிருந்தது. கழுத்தில் ஒரு நிறம், கன்னத்தில் ஒரு நிறம்.

"பவுடர் போட்டாங்க நானா, மொதல்ல" என்றார் சங்கிலி. "அப்புறம் படம் வாங்க வந்தப்போ பார்த்தா மூஞ்சி முழுசா வெளுத்திருந்துச்சு. ஸ்டுடியோக்காரரு, அம்மாவ மகாராணி மாதிரி ஆக்கியிருக்கேன்னாரு. அவளுக்கு ஒரே சந்தோசம். நானும் சரின்னுட்டேன். இப்பத்தான் தெரியுது, என்ன பண்ணிட்டேன்னு. பதினாறு வருஷமா செவுத்துல இருந்தது வேற எவளோ."

மெஷினில் பழுதில்லை. மையில் பழுதில்லை. நானா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அங்கம்மாவின் முகத்தைச் சின்னதாக்கி, ஒரே தாளில் பல தடவை அடித்தார். ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஒரு பிடி அடர்ந்த நிறம். தாளை வாங்கிய சங்கிலி, "லைட்ட அணைங்க நானா" என்றார். நானா அணைத்தார். மழை விட்டு நமுனுகுல மலைப்பக்கம் வெளித்திருந்தது. அந்த வெளிச்சத்தில் கிழவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"இது பச்சை. இதுவும் பச்சை. இது வருது… இன்னும் வரல. இது முத்திப்போச்சு." விரல் பின்னால் வந்தது. "இதுக்கும் இதுக்கும் நடுவுல நானா."

நடுவில் ஒன்றை அடித்தார்கள். அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் இன்னொன்று. அந்தத் தாளை சங்கிலி ஜன்னலில் பிடித்தார். நானா காத்திருந்தார். கிழவரின் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"வந்துட்டா நானா. அங்கம்மா வந்துட்டா."

சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், மறுபடி அழுதார். நானா எழும்பிப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்து, தேவையில்லாமல் கடதாசியை எண்ணிக்கொண்டு நின்றார்.

பெரிய படம் அச்சாகிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கேட்டார். "எப்படிப் பெரியவரே இவ்வளவு சரியா ஞாபகம் இரிக்கி?"

"எனக்கு ராத்திரி சிப்டு நானா. விடியக்கால வீட்டுக்கு வருவேன். அவ கொழுந்தெடுக்கப் பேர் குடுக்குற பெரட்டுக்குக் கெளம்பி, கூடையும் கையுமா வாசல்ல நிப்பா. நான் உள்ள போகணும், அவ வெளிய போகணும். ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா நின்னது அந்த ரெண்டு நிமிசம்தான். அப்பப் பார்க்கலேன்னா அன்னைக்குப் பார்க்கவே முடியாது. அதனால பார்ப்பேன். நல்லாப் பார்ப்பேன்."

படத்தைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினார். "ஒங்க வீட்டம்மா?"

"மௌத்தாகி ஆறு வருசம்."

"அடடா. படம் இருக்குங்களா?"

"அவ படம் எடுக்க விடமாட்டா. ஐடென்டி காட்டில இரிக்கிறது மட்டும்தான். கறுப்பு வெள்ளை."

"அதனால என்ன, நெறம்தான் ஒங்களுக்குத் தெரியுமே" என்றார் சங்கிலி. "ஒங்க கையிலதான் மெஷினு இருக்கு. போட்டுப் பாருங்க." படியிறங்கிப் போய்விட்டார்.

கடை பழையபடி ஆகிவிட்டது. இரண்டு கிளாசும் மேசையில் இருந்தன. நானா மேசை லாச்சியைத் திறந்து, அடியில் கிடந்த அடையாள அட்டையை எடுத்தார். நகம் அளவு முகம். முக்காடு நெற்றிவரை. அட்டைக்காகப் பயந்துபோய் விழித்த கண்கள். அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கினார். நிறம் சேர்ப்பது அவருக்குப் பெரிய வேலையில்லை. அதேமாதிரி ஒரே தாளில் பல முகங்களாக அடித்து, விளக்கை அணைத்து, ஜன்னலில் பிடித்தார்.

இதுவா? இருக்கலாம். இதுவா? இதுவும் இருக்கலாம். எல்லா முகமும் இருக்கலாம் என்றுதான் சொல்லின. ஒன்றுகூட நான்தான் என்று சொல்லவில்லை.

அவருக்கு என்னென்னவோ ஞாபகம் இருந்தது. அவள் இருமுவது. படியேறி வரும்போது ஒன்பதாம் படியில் நின்று மூச்சு வாங்குவது. நாலு மணிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து, அவர் வேலையைக் குழப்பாமல், மேசை ஓரத்தில் சத்தமில்லாமல் வைப்பது. அந்தக் கிளாஸ் ஞாபகம் இருந்தது, அதன் விளிம்பில் இருந்த நீலக் கோடு ஞாபகம் இருந்தது. வைத்த கை ஞாபகத்தில் இல்லை. அவர் தலையை நிமிர்த்தவில்லையே! பதினெட்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த பெண், என்ன நிறம் என்று தெரியவில்லை. சங்கிலிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு நிமிடம்தான் கிடைத்தது. தனக்கு நாள் முழுக்கக் கிடைத்தது. மெஷினைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சோதனைத் தாளை ஒரு தரம் அடித்துப் பார்த்தார். நாலு நிறத்திலும் கோடுகள் ஒன்றும் அறாமல் வந்தன.

மாலை மஃரிப் தொழுதுவிட்டு வந்து அக்குறணைக்கு, மகளுக்குப் போனில் கோல் எடுத்தார். வெள்ளிக்கிழமைதான் எடுப்பது வழக்கம். நஸ்மியா பயந்துவிட்டாள்.

"என்ன வாப்பா, சுகமில்லையா?"

"சுகம்தான். மக, ஒண்டு கேக்கணும். உம்மா என்ன நெறம்?"

மறுமுனையில் மகள் சிரித்தாள். "இது என்ன கேள்வி? என்ட கைய விட ஒரு சுத்து மாநிறம். மருதோண்டி போடக்குள்ள ரெண்டு பேரும் கைய ஒண்டா வெச்சுப் பாப்பமே. ஒங்களுக்குத் தெரியாதா?"

என்ட கைய விட ஒரு சுத்து. நானா ஒரு கையில் போனும் மறு கையில் தாளுமாக நின்றார். சரி, அப்படியென்றால் லேசு. மகளின் கையை நினைத்துக்கொண்டால் போதும், அதிலிருந்து ஒரு பிடி கூட்டினால் காமிலா வந்துவிடுவாள். கண்ணை மூடினார். மகளின் குரல் காதுக்குள் இருந்தது. ரெண்டு வருடமாகக் கடை பூட்ட முடியாது, வேலை அதிகம் என்று அவர் போகாத வீட்டிலிருந்து வருகிற குரல். கை மட்டும் கண்ணுக்குள் வரவில்லை.

"வாப்பா? லைன்ல இரிக்கீங்களா?"

"இரிக்கிறன் மக." குரலைச் செருமிக்கொண்டார். "நாளைக்குக் கடை பூட்டுறன். காலையில கண்டி பஸ்ஸுக்கு ஏறி அங்க வாறன்."

"நாளைக்கா? திடீரெண்டு என்னத்துக்கு வாப்பா?"

"ஒண்டுமில்ல" என்றார் ஹுமைத். "ஒன்ட கையப் பாக்கணும்."